ஓர் அடிக்கு அரை அங்குலம்

மலையகம் என்றதும் கொழும்புக்காரர்களுக்குக் கண்ணில் வருவது ஹட்டன் ரயில், பனிமூட்டம், பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி தேயிலை. நான் போன கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டியவுக்கு ரயில் கிடையாது. களனிப் பள்ளத்தாக்கின் சின்ன ரயில் 1903இல் யட்டியாந்தோட்டை வரை போயிருக்கிறது. அந்தத் தண்டவாளமும் எப்போதோ கழற்றப்பட்டுவிட்டது. இப்போது அவிசாவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கரவனெல்லை, பிறகு கேகாலைப் பக்கம் வளைந்து ஏறும் ஏ 21 பாதை. பஸ்ஸுக்குள் முக்கால்வாசிப் பேச்சு சிங்களம். பின் இருக்கையில் இரண்டு பெண்கள் தமிழில் சம்பளக் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனியும் இல்லை, குளிரும் இல்லை. வியர்வையும் றப்பர் மரமும்தான்.

நான் மரத்தில் குட்டிக் கட்டடங்கள் செய்கிறவன். தொழில் இல்லை, பழக்கம். ஆழமான சட்டத்துக்குள் ஒரு காட்சியை அமைத்து, முன்னால் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிற பெட்டி. ஷேடோ பொக்ஸ் என்று கடைகளில் கேட்டால் வெறும் சட்டத்தைத் தருவார்கள். உள்ளே வைப்பதை நாம்தான் செய்ய வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்றைச் செய்து தரச் சொல்லி நண்பர் ஒருவர் கேட்டார். அவருடைய பாட்டியின் ஊர் புளத்கொகுபிட்டிய. "ஏதாவது ஒரு லயத்தைச் செய்தால் போதும், எல்லாம் ஒரே மாதிரித்தானே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நேரில் போய் அளக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஒரே மாதிரி என்பது பொய்யும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற லயக் காம்பராவின், அதாவது ஒரு குடும்பத்துக்கான அறையின், அளவு மலையகத்தைப் பற்றிய எந்த நூலைத் திறந்தாலும் கிடைக்கும். முன்னால் இஸ்தோப்பு என்ற ஒரு திண்ணை, அதற்கு வெளியே கான் என்ற வடிகால், மேலே தகரம். ஒற்றை வரிசையாகவோ முதுகோடு முதுகாக இரட்டை வரிசையாகவோ காம்பராக்கள். ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு எங்கும் கட்டினார்கள். ஆனால் கட்டியது வெவ்வேறு மண்ணில், வெவ்வேறு கல்லில். அதற்குப் பிறகு நூறு வருடமாக அதில் வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு விதமாக மாற்றியிருக்கிறார்கள். ஒருவர் இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து இன்னொரு அறை ஆக்கியிருப்பார், அடுத்தவர் அதே இடத்தில் அடுப்பைக் கொண்டுவந்திருப்பார். தொங்கல் காம்பராக்காரருக்கு மட்டும் பக்கவாட்டில் ஒரு பத்தி இறக்க இடம் கிடைத்திருக்கும். நுவரெலியா லயத்தைச் செய்துவிட்டுப் புளத்கொகுபிட்டிய என்று அடியில் பெயர் எழுதினால், அந்த ஊர்க்காரர் இரண்டாம் பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

நண்பரின் உறவினர் ஒருவர் டவுன் சந்தியில் காத்திருந்தார். முச்சக்கர வண்டியில் கொஞ்சத் தூரம், பிறகு நடை. பிப்ரவரி மாதம், றப்பர் இலை உதிர்த்து, செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தது. றப்பர் இந்த நாட்டுக்கு வந்த கதை எல்லாரும் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து கன்றுகளாகக் கப்பலேறி ஹெனரத்கொட பூங்காவில் இறங்கியது. இன்றைக்கு கேகாலை மாவட்டம் என்றாலே றப்பர். மேட்டில் தேயிலையும் இருக்கிறது, பள்ளத்தில் பால்வெட்டும் நடக்கிறது. ஒரே வீட்டில் அம்மா கொழுந்துக்கும் அப்பா பால்வெட்டுக்கும் போவது இங்கே சாதாரணம்.

மரத்தில் பால் வெட்டிய தழும்பைக் கிட்ட நின்று பார்த்தேன். இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும் கோடு, அதன் கடைசியில் சிறு தகர நாக்கு, அதற்குக் கீழே கம்பியில் கட்டிய சிரட்டை. கோட்டுக்கு மேலே மழைத் தண்ணீர் வழியாமல் இருக்கப் பொலித்தீன் பாவாடை. இந்தப் பக்கத்து லயத்தைச் செய்பவன் பின்னணியில் தேயிலையை வரைந்தால் பாதி வேலை வீண். எனக்கு வேண்டியது வரிசை வரிசையாக நிமிர்ந்து நிற்கும் இந்த மரங்களும், அவற்றுக்கிடையில் நண்பகலிலும் தங்கிவிடும் இருட்டும்தான்.

லயத்தில் டேப்பை விரித்த சில நிமிடங்களிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. தோட்டத்தில் டேப்போடு ஓர் ஆள் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"தம்பி, புது வூடு கட்டப் போறாங்களா? எங்க காம்பராவ மட்டும் விட்டுறாதீங்க" என்றார் ஒரு பெரியம்மா.

அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்ற பேச்சு வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், முன்பு தொடங்கிய நாலாயிரம் வீடுகளுக்கு மேல் இன்னும் பத்தாயிரம் என்று அறிவித்தார். 2023இல் மலையக மக்கள் இங்கு வந்து இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். வீடு கிடைத்தவர்களும் உண்டு. சப்ரகமுவத் தோட்டங்களில் தமிழர் தொகை குறைவு, வாக்கும் குறைவு. வரிசையில் பின்னுக்கு நிற்பது அவர்களுக்குப் பழகிப்போனது. நான் அரசாங்க ஆள் இல்லை, பொம்மை வீடு மாதிரி ஒன்று செய்யத்தான் அளக்கிறேன் என்று சொல்லி முடிக்கும் வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பொட்டிக்குள்ள வைக்கவா? அப்ப கூரை ஓட்டையையும் சேத்துப் போடுங்க. அத வுட்டுட்டா அது எங்க காம்பரா இல்ல."

அதற்குப் பிறகு ஒத்தாசைக்குக் குறைவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க இரண்டு பையன்கள், எழுதிக்கொள்ள ஓ.எல். படிக்கும் ஒரு தங்கச்சி. காம்பரா உள் அகலம் ஒன்பது அடி பத்தங்குலம். நூல்கள் சொல்லும் பத்தடியில் இரண்டங்குலத்தைச் சுண்ணாம்புப் பூச்சு தின்றிருந்தது. கதவு ஆறடிக்கு இரண்டரை அடி. இஸ்தோப்புத் தூண்கள் மரம், அடிப்பாகம் செல்லரித்துச் சீமெந்தில் நிற்கிறது. கூரையில் மூன்று தலைமுறைத் தகரம். பழையது கருஞ்சிவப்பு, நடுவில் மாற்றியது சாம்பல், அண்மையில் போட்டது பளபளப்பு. காற்றுக்குப் பறக்காமலிருக்கக் கல்லும் பழைய டயரும். ஒரு மூலையில் டயலொக் டிவி டிஷ்.

இந்த டிஷ்ஷைப் பற்றி ஒரு வார்த்தை. லயத்தை வரைகிறவர்களும் படம் பிடிக்கிறவர்களும் இதை லாவகமாக ஒதுக்கிவிடுவார்கள். கூடை சுமந்த பெண், அடுப்புப் புகை, கிழிந்த சேலைத் திரை எல்லாம் இருக்கும். டிஷ் இருக்காது. ஏழ்மை கலையாமல் இருக்க வேண்டுமாம். இங்கே அப்படி ஒதுக்குவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அளந்த நாளில் என்ன இருந்ததோ அதுதான் பெட்டிக்குள் போக வேண்டும். டிஷ்ஷும் போக வேண்டும், ஓட்டையும் போக வேண்டும்.

திரும்பி வரும்போது டவுனுக்குச் சற்று வெளியே ஒரு தச்சுப் பட்டறை. தச்சர் பாஸ் சிங்களவர், தோட்டத் தமிழ் நன்றாகவே பேசினார். றப்பர் பலகைத் துண்டு வேண்டும் என்றேன். ஒரு குவியலைக் காட்டி, எடுத்துக்கொள்ளச் சொன்னார். முன்பெல்லாம் பால் வற்றிய மரத்தை வெட்டி விறகாகத்தான் எரித்தார்கள், தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் அடுப்புக்கும் அதுதான் போனது. மருந்தேற்றிப் பதப்படுத்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் றப்பர் பலகை தளபாடமாகி வெளிநாடு போகிறது. பாஸ் ஒரு துண்டைத் திருப்பிக் காட்டினார். நீலக் கறை. அறுத்த பலகையை உடனே காயவைக்காமல் விட்டால் சில நாளில் பூஞ்சணம் ஏறி இப்படிக் கறுத்துவிடும். அவருக்கு அது கழிவு. எனக்கோ நூறு வருடம் மழையில் நனைந்த லயத்து நிலைக்குச் சாயம் பூசாமலே கிடைத்த நிறம்.

குட்டி மரவேலையில் முதல் தொல்லை மரத்தின் ரேகை. நிஜமான கதவில் அழகாகத் தெரியும் ரேகை, மூன்றங்குலக் கதவில் முறுக்குக் கயிறு மாதிரி நின்று காட்டிக்கொடுத்துவிடும். றப்பரின் துளைகள் கொஞ்சம் பெரிசு, சுவருக்கும் தரைக்கும் பரவாயில்லை, தூணுக்கு ஆகாது. தூணுக்கும் வளைக்கும் பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைத் தூரைத்தான் எடுத்தேன். தேயிலை என்றால் இடுப்பளவுச் செடி என்று நினைக்கிறோம். கவ்வாத்து வெட்டி வெட்டித்தான் அதை அப்படி வைத்திருக்கிறோம், உள்ளபடி அது மரம். தூர் இறுக்கம், ரேகை கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கம். மூன்று மில்லிமீற்றருக்குச் செதுக்கினாலும் முறியாது. கோப்பிக் குச்சியும் இதே குணம். லயத்துக் கொல்லையில் இரண்டு கோப்பி மரம் இல்லாத தோட்டம் குறைவு. 1869இல் இலை நோய் வந்து கோப்பி அழிந்தபோது, பட்ட மரங்களை இங்கிலாந்துக்கு அனுப்பித் தேநீர் மேசைக்குக் கால் செய்தார்கள் என்று தேயிலை வரலாறுகள் சொல்லும்.

இனி அளவு. உலகம் முழுவதும் பொம்மை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று வைப்பார்கள். அப்படி வைத்தால் மூன்று காம்பராவுக்கே இரண்டரை அடி நீளம் வேண்டும். சுவரில் மாட்ட முடியாது. நான் எடுத்தது ஓர் அடிக்கு அரை அங்குலம். இதில் இன்னொரு வசதியும் உண்டு. நிஜத்தில் ஓர் அங்குலம் என்பது பெட்டிக்குள் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர். தங்கச்சி எழுதித் தந்த அங்குலக் கணக்கை அப்படியே மில்லிமீற்றராக வாசித்து வெட்டலாம். காம்பரா அகலம் கிட்டத்தட்ட ஐந்தங்குலம், மூன்று காம்பரா பதினைந்து. கதவு உயரம் மூன்றங்குலம்.

சிக்கல் ஆழத்தில்தான். இஸ்தோப்பு ஐந்தடி, காம்பரா பன்னிரண்டடி, ஆகப் பதினேழடி. அரை அங்குலக் கணக்கில் எட்டரை அங்குல ஆழம் வேண்டும். என் பெட்டியின் ஆழமோ ஐந்தங்குலம், அதிலும் ஓர் அங்குலம் பின்னணி மரங்களுக்கு. எங்காவது ஏமாற்றித்தான் ஆக வேண்டும். இஸ்தோப்பில் ஏமாற்றக் கூடாது, கண் முதலில் விழுவது அங்கேதான். அதற்கு முழு இரண்டரை அங்குலத்தையும் கொடுத்தேன். மிச்சம் ஒன்றரை அங்குலத்துக்குள் பன்னிரண்டடிக் காம்பரா. திறந்த கதவு வழியாக மட்டும்தான் உள்ளே தெரியும். அதனால் தரையை உள்ளே போகப் போகச் சற்று உயர்த்தி, பக்கச் சுவர்களை ஒன்றையொன்று நெருங்கவிட்டு, பின்சுவரில் தொங்கும் சாமிப் படத்தைப் பாதி அளவுக்குக் குறைத்தால், நேரே நின்று பார்ப்பவருக்கு முழு அறை தெரியும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் குட்டு வெளிப்படும். ஆகவே கதவை முக்கால்வாசி மட்டும் திறந்து ஒட்டினேன்.

பின்னணி றப்பரை மெல்லிய பலகையில் மூன்று அடுக்காக அறுத்தேன். முன்னடுக்கு கறுப்புக்குக் கிட்டிய பழுப்பு, அடுத்தது சாம்பல், கடைசி வெளிறிய நீலம். அடுக்குக்கு அடுக்கு விட்ட சிறு இடைவெளிக்குள் பக்கத்திலிருந்து வெளிச்சம் நுழைந்தால் அந்த நண்பகல் இருட்டு தானாக வருகிறது. முன்னடுக்கு மரங்களில் மட்டும் ஊசி முனையால் சரிவுக் கோடு கீறிச் சிரட்டை வைத்தேன். சிரட்டைக்குக் கொத்தமல்லி விதையின் பாதித் தோடு.

தகரம்தான் எல்லாரும் கேட்பது. கடையில் விற்கும் நெளிந்த அட்டை அளவுக்குச் சரிவராது. தகரத்தின் ஒரு நெளிவுக்கும் அடுத்ததுக்கும் நிஜத்தில் மூன்றங்குலம், எனக்கு மூன்று மில்லிமீற்றர். விளக்குமாற்று ஈர்க்கின் தடிப்பும் ஏறக்குறைய அதே. ஈர்க்குகளை நெருக்கி ஒரு பலகையில் ஒட்டி, மேலே குளிர்பானக் கேனை வெட்டிய தகட்டை வைத்து, இன்னோர் ஈர்க்கால் ஒவ்வொரு பள்ளமாக அழுத்தி இழுத்தால் தகரம் ரெடி. உப்புத் தண்ணீரும் வினாகிரியும் அலுமினியத்துக்குத் துரு ஏற்றாது. துரு நிறத்தைப் பூசித்தான் ஆக வேண்டும், அதற்குச் செங்கல் தூளும் பசையும் போதும். பெரியம்மாவின் ஓட்டையை ஊசியால் குத்தினேன். விளக்கைப் போட்டபோது தரையில் ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்தது. நிஜக் காம்பராவில் அந்தப் பொட்டுக்கு நேரே ஓர் அலுமினியச் சட்டி இருந்தது. பெட்டிக்குள்ளும் வைத்தேன்.

பெட்டியின் வெளிச்சட்டம் பழைய தேயிலைப் பெட்டியின் பிளைவுட். தோட்டத்து வீடுகளில் ஒரு காலத்தில் அதுதான் அலுமாரி, அதுதான் மேசை. காகித உறைகள் வந்த பிறகு தேயிலைப் பெட்டியும் அரிதாகிவிட்டது. ஓரத்தில் அடித்த தகரப் பட்டியோடு ஒரு பலகையை அந்த லயத்திலேயே தந்தார்கள்.

பெரிய இடத்துக் குட்டி வீடுகளைப் பற்றி நிறையப் படிக்கலாம். சிக்காகோ கலை நிறுவனத்தில் நார்சிசா தோர்ன் செய்வித்த 68 அறைகள் இருக்கின்றன, ஐரோப்பிய மாளிகைகளும் அமெரிக்கச் சீமான் வீடுகளும். பார்க்க அழகு, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தவர் அதே நாட்டின் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ. 1940களில் ரால்ஃப் மோஷர் என்ற தச்சரை வைத்துக்கொண்டு, மர்ம மரணம் நடந்த அறைகளை அங்குலக் கணக்கில் செய்து, பொலிஸாருக்குத் தடயம் தேடப் பயிற்சி கொடுத்தவர். அந்த அறைகளில் பல ஏழைகளுடையவை. ஏழையின் அறையையும் அங்குலம் பிசகாமல் அளக்க வேண்டும் என்று நினைத்தவர் என்பதே எனக்குப் போதும். பெருவின் அயகூச்சோ மலையில் ஹோவாக்கின் லோப்பெஸ் அன்டாய் போன்றவர்கள் கதவு வைத்த மரப்பெட்டிக்குள் சாமியோடு சந்தையையும் அறுவடையையும் வைத்தார்கள். 1975இல் லோப்பெஸ் அன்டாய்க்குத் தேசிய விருது கொடுத்தபோது, கைவினைக்காரனுக்கு எதற்கு இந்த விருது என்று ஓவியர்கள் சிலர் சண்டைக்கு வந்தார்கள். நம் பக்கத்தில் தஞ்சாவூர் நெட்டி வேலை இருக்கிறது. நீர்ச்செடியின் வெண்மையான தண்டைச் சீவிப் பெரிய கோயிலைச் செய்து கண்ணாடிப் பெட்டியில் அடைப்பார்கள். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நெட்டியில் ரேகையே கிடையாது என்பதில் எனக்குப் பொறாமைதான். ஆனால் கோயிலைத் தாண்டி ஒரு குடியானவன் வீட்டை அங்கே எளிதில் காண முடியாது.

இலங்கையில் ஹந்தானையில் 2001இல் திறந்த தேயிலை நூதனசாலை உண்டு, பழைய ஸ்டோர் கட்டடத்தில். உருளைகளும் எஞ்சின்களும் மாடி மாடியாக நிற்கும். தொழிலாளிக்கென்று கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இல் ஒரு நூதனசாலை வந்தது. கண்டியிலிருக்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் லயக் காம்பராக்களையே அதற்கு எடுத்துக்கொண்டது. அதுதான் முழு அளவு மாதிரி. உள்ளே போய் நிற்கலாம், பழைய பாத்திர பண்டங்களைப் பார்க்கலாம். போகாதவர்கள் போய்ப் பாருங்கள். ஆனாலும் அது கண்டிப் பக்கத்து லயம். கேகாலைக்கும் இரத்தினபுரிக்கும் எனக்குத் தெரிந்து அப்படி ஒன்று இல்லை.

ஒரு லயம் இல்லாமல் போவதற்கு நேரம் எடுக்காது. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாளில், புளத்கொகுபிட்டியவில் களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயத்தை மூடியது. பத்துக்கு மேற்பட்டவர்கள் அதற்குள் இறந்தார்கள். நாங்கள் நடந்த பாதையில் ஒரு திருப்பத்தில் உறவினர் அந்தத் திக்கைக் கையால் காட்டினார், நிற்கவில்லை. அந்த லயத்தை இனி யாரும் அளக்க முடியாது.

நின்றுகொண்டிருக்கும் லயங்களும் இடிபட வேண்டியவைதான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நினைவுச் சின்னம் என்று சொல்லி ஒரு குடும்பத்தைப் பத்துக்குப் பன்னிரண்டில் இருத்திவைக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இடிப்பதற்கு முதல் நாளாவது டேப்பை எடுங்கள். தோட்டத்திலிருந்து வெளியே போய்ப் படித்து வேலையிலிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அடுத்த தைப்பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது உங்கள் காம்பராவின் நீளம், அகலம், முன் தாழ்வாரத்தின் உயரம், கூரை முகட்டின் உயரம், கதவு, ஜன்னல், இஸ்தோப்பு, கான், அடுப்பு இருக்கும் மூலை இவ்வளவையும் அடி அங்குலத்தில் ஒரு கொப்பியில் எழுதுங்கள். சுவரோடு டேப்பை வைத்து ஒரு படம் எடுங்கள். அளந்த திகதியையும் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் மேலே குறியுங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது வீடு வருகிறதா என்று கேட்டால் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.